சம்பு நின்ற மூலை

1

எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. வரும் ஞாயிறு ஏரிக்குத் திறப்பு விழா. இதை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். மதகைத் திறப்பார்கள், ஏரியை எப்படித் திறப்பார்கள் என்று கேட்பார்கள். பெங்களூரில் திறக்கலாம். ஏரியைச் சுற்றி வேலி போட்டு, நடைபாதை போட்டு, கேட் வைத்து, அந்த கேட்டில் ரிப்பன் கட்டி வெட்டினால் ஏரி திறந்துவிட்டது என்று பொருள்.

சுற்றறிக்கையோடு எனக்கென்று தனியாக ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. ஏரியில் காணப்படும் பறவைகளின் பெயர்களைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர வேண்டுமாம், பலகை வைக்கப் போகிறார்கள். தமிழ் கேட்கப்படவில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பெயர்களை எழுத உட்கார்ந்தேன். பெயர்களுக்குப் பதில் இந்தக் குறிப்புகள் வந்தன.

பெங்களூரை வெளிநாடு என்று சொல்ல முடியாது. எங்கள் ஊருக்கு அருகே வாலாஜா ரோட்டில் காலை ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம். பாஸ்போர்ட் வேண்டாம். ஆனால் கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும், முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், வாடகை ஒப்பந்தம் பதிய முகவரிச் சான்று வேண்டும். காவிரிப் பிரச்சினை சூடாகும் நாட்களில் அலுவலக வண்டியில் அம்மாவின் போனை எடுக்கக் கூடாது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, தானாகத் தெரிந்துகொண்டேன். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது டவுன் பஸ் கண்டக்டரிடம் முன்னால் நிறுத்துங்கள் என்பதைக் கன்னடத்தில் "முந்தே நில்ஸி" என்று சொல்லிவிட்டேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பெங்களூரா? எந்த கம்பெனிம்மா?" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இவ்வளவு தூரம்தான் நான் வந்திருக்கிறேன். அதிகம் இல்லை, ஆனால் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

2

என் வேலை மென்பொருள் சோதனை. மற்றவர்கள் எழுதிய நிரல் எங்கே உடையும் என்று தேடுவது. அலுவலகம் வைட்ஃபீல்டில், வீடு அதற்கும் அப்பால். வீட்டுப் பால்கனிக்குக் கீழே கார் நிறுத்துமிடம், அதற்கு அடுத்து ஒரு மதில், மதிலுக்கு அடுத்து ஏரி.

ஊரில் இருந்தவரை நான் பறவை பார்த்தவள் அல்ல. எங்கள் கல்லூரி பஸ் தினமும் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டித்தான் போகும். கடல் மாதிரி ஏரி. அதில் ஒரு பறவைகூட என் நினைவில் இல்லை. நான் மடியில் விரித்த நோட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஏரி நிரம்பியதா, உபரி நீர் கலங்கல் தாண்டிப் போனதா என்பதுதான் பேச்சு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏரிக்குக் கீழே வயல் இருந்தது, அதனால் ஏரி எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே ஏரிக்குக் கீழே பார்க்கிங் இருக்கிறது.

என்னைப் பறவை பார்க்க வைத்தவர் ஸ்டெல்லாக்கா. பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவர், ஒரு ஆடை ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறார். இங்கே வந்த புதிதில் ஒரு ஞாயிறு காலை ஏரிக்கரையில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். "அந்தாண்ட தள்ளு டீ, வாத்து மறையுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். நான் தள்ளி நின்றேன். அவர் தொலைநோக்கியை என் கையில் திணித்து, "நீயும் பாரு, தமிழா நீ? நெத்தியிலயே எழுதியிருக்கு" என்றார்.

அவரைச் சுற்றி ஒரு சிறு குழு இருந்தது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஞாயிறு காலைகளில் ஏரிப் பறவைகளை எண்ணுவார்கள். அது வடக்கிலிருந்து வாத்துகள் வந்து இறங்கும் காலம். எண்ணி முடித்ததும் ஓட்டலுக்குப் போவோம். சாம்பாரில் முங்கிய வடையோடு, யார் பார்த்த வாத்து உண்மையான வாத்து என்று சண்டை நடக்கும். மார்ச் வந்தால் குழு கலைந்துவிடும். வாத்துகள் போனபிறகு ஏரியில் "ஒண்ணும் இல்ல" என்பது எங்கள் குழுவின் பேச்சு வழக்கு. ஒன்றும் இல்லை என்றால், உள்ளூர்ப் பறவைகள் மட்டும்தான் இருக்கின்றன என்று அர்த்தம்.

ஸ்டெல்லாக்காவின் மகள் ரீனா சின்ன வயதில் கூடவே வந்துகொண்டிருந்தாளாம். நான் வந்த வருடம் நிறுத்திக்கொண்டாள். அவளுக்குப் பதிமூன்று வயது. தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. "நான் எழுதி வச்சிருக்கிறதெல்லாம் இவ படிக்கப்போறதில்ல டீ, பழைய பேப்பர்காரன்தான் படிப்பான்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை நான் நம்பியதில்லை.

குழுவின் குறிப்புத் தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. பறவை, எண்ணிக்கை, இடம், கூடு என்று நான்கு கட்டங்கள். கூடு என்ற கட்டம் எப்போதும் காலியாகவே இருக்கும். பனிக்காலத்தில் கூடு எங்கே இருக்கும்? தேடியவரும் இல்லை.

உள்ளூர்ப் பறவைகளில் எனக்குப் பிடித்தது நீலத் தாழைக்கோழி. கோழி அளவு இருக்கும். ஊதா கலந்த நீல உடம்பு, சிவந்த நெற்றி, நீண்ட சிவப்புக் கால்கள். ஏரியோரம் ஆள் உயரத்துக்கு வளரும் சம்பு என்ற கோரைப்புல்லுக்குள்தான் அது வாழும். தண்டைப் பிடுங்கி, ஒரு காலால் கையில் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு கடிக்கும். "பட்டுப்பொடவையைத் தூக்கிப் புடிச்சுக்கினு சேத்துல நடக்குற சம்பந்தியம்மா" என்பார் ஸ்டெல்லாக்கா. ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டால் பிறகு வேறு மாதிரிப் பார்க்க முடியாது.

3

மூர்த்தி சார் எங்கள் சங்கச் செயலாளர். ஓய்வு பெற்ற பொறியாளர். இதே நகரத்தில், ஒக்கலிபுரத்தில் ரயில்வே லைனை ஒட்டிய வீட்டில் பிறந்தவர். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார், எதிரில் இருப்பவருக்கு எது புரியவில்லையோ அதைக் கையால் காட்டுவார்.

இந்த ஏரி இன்று ஏரியாக இருக்கிறதென்றால் அதற்கு அவர்தான் காரணம். மனை போட வந்தவர்களின் லாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர். மனு எழுதி எழுதியே கையெழுத்து மோசமாகிவிட்டது என்பார். இந்தக் குறிப்புகளை வாசிக்கிறவர்கள் அவரைத் தவறாக நினைக்கக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏரியைத் தூர்வாரி, சம்பு முழுவதையும் எடுத்துவிட்டு, கரை கட்டி, நடைபாதை போடுவது அவருடைய திட்டம். சம்பில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லப் போனபோது காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கேளும்மா உமா. நான் சின்னப் பையனா நீச்சல் அடிச்ச ஏரி மேல இப்போ பஸ்ஸு நிக்குது. ஏன் தெரியுமா? முதல்ல புல்லு மொளச்சுது. அப்புறம் யாரோ ரெண்டு லோடு மண்ணு கொட்டினான். அப்புறம் மாடு கட்டினான். தண்ணி கண்ணுக்குத் தெரிஞ்சா ஏரி. தெரியலைன்னா சைட்."

சைட் என்றால் இங்கே மனை. ஒவ்வொரு மின்கம்பத்திலும் அந்தச் சொல் தொங்குகிறது.

"சார், அந்தப் புல்லுக்குள்ளதான் பறவை இருக்கு."

"தண்ணி இருந்தா பறவை தானா வரும். சைட்டுக்கு வருமா?"

காபியைக் குடித்தேன்.

4

தூர்வாரும் வேலை கோடையில் தொடங்கியிருக்க வேண்டும். ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு போய்வருவதற்குள் ஜூன் வந்துவிட்டது. கோடை மழை நன்றாகப் பெய்திருந்தது. சம்பு குப்பென்று வளர்ந்து நின்றது. ஒரு காலை பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நீலத் தாழைக்கோழி ஒன்று அலகில் நீளமான சம்பு இலையோடு நீரைக் கடப்பதைப் பார்த்தேன். சற்று நேரத்தில் இன்னொன்று. தின்பதற்காக யாரும் அவ்வளவு தூரம் சுமந்து போக மாட்டார்கள்.

அதே வாரம் லாரியில் மண் அள்ளும் இயந்திரம் வந்து இறங்கியது. ஓட்டுநர் மாதேஷ், தருமபுரிப் பக்கம். நான் போய்க் கூடுகளைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, நீங்க சொல்றது நெசமா இருக்கும். ஆனா வண்டியை நிறுத்தினா எங்க ஓனரு உங்களை வையமாட்டாரு, என்னைத்தான் வைவாரு. நிறுத்தச் சொல்லி மேலருந்து ஒரு பேப்பர் வாங்கியாந்து குடுங்க, நான் நெழல்ல படுத்துத் தூங்கறேன். எனக்கென்ன நஷ்டம்?"

மூர்த்தி சாரிடம் ஓடினேன். அவர் திட்ட அறிக்கையைப் பிரித்து என்முன் வைத்தார். ஆலோசகர் ஒருவர் தயாரித்தது, வழவழப்பான தாள். ஏரியில் பறவைகள் கூடு கட்டுகின்றனவா என்ற கேள்விக்கு எதிரில் "இல்லை" என்று இருந்தது. ஆதாரம் என்று எங்கள் குழுவின் பதிவுகளைக் காட்டியிருந்தார்கள்.

"உங்க ஆளுங்களே கொடுத்ததும்மா" என்றார் மூர்த்தி சார். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. அவருக்கு உண்மையாகவே குழப்பமாக இருந்தது.

சோதனைத் துறையில் முதல் வாரமே சொல்லித் தருவார்கள்: சோதிக்காத பகுதிக்குப் "பிழையில்லை" என்று எழுதாதே, "சோதிக்கவில்லை" என்று எழுது. எங்கள் தாளில் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. விருந்தாளி வாத்துகளை எண்ண வருகிற நாங்கள் கூடு கட்டும் மாதங்களில் வீட்டில் இருந்தோம். வராத மாதங்கள் காலிக் கட்டங்களாயின. காலிக் கட்டம் வேறொருவர் மேசையில் "இல்லை" ஆனது. யாரும் பொய் சொல்லவில்லை.

ஒரு நாள் விடுப்பு எடுத்து, ஏரி வேலையை மேற்பார்க்கும் அரசு அலுவலகத்துக்குப் போனேன். முதல் மேசையில் மதியத்துக்கு மேல் வரச் சொன்னார்கள். மதியத்துக்கு மேல் இரண்டாவது மேசையில், இது முதல் மேசையின் வேலை என்றார்கள். கடைசியில் பொறியாளர் அழைத்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், மேசையில் பிரிக்காத டிபன் பெட்டி. என் கன்னடம் எங்கெங்கே உடையும் என்று எனக்குத் தெரியும், அந்த இடங்களைச் சுற்றிக்கொண்டு பேசினேன். அவர் அறிக்கையைப் புரட்டினார்.

"நிம்ம ரிப்போர்ட்டே ஹேளுத்தே மேடம், கூடு இல்லா அந்த." உங்கள் அறிக்கையே சொல்கிறது, கூடு இல்லை என்று.

பார்க்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல என்றேன். அவர் அறிக்கையை மூடினார். அப்படியானால் பார்த்துவிட்டு வாருங்கள், படமும் வரைபடமும் வேண்டும், திங்கட்கிழமை வரை இயந்திரம் நிற்கட்டும் என்றார். நியாயமான மனிதர். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. கூடுகளுக்குள் மனிதர்கள் போகக் கூடாது என்பதற்காகத்தான் நான் அங்கே போனேன். இப்போது நானே உள்ளே போக வேண்டும்.

5

மீன் குத்தகைக்காரரிடம் ஸ்டெல்லாக்கா பரிசல் கேட்டு வாங்கினார். துடுப்புப் போட அவருக்குத் தெரியும் என்று சொன்னதை நான் நம்பியிருக்கக் கூடாது.

"சுத்துது டீ! நேராப் போவ மாட்டேங்குது!"

"ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போடுங்கக்கா."

"நீ கம்ப்யூட்டர் இஞ்சினியர்தானே, இதுக்கு ஒரு வழி கண்டுபுடி பாப்போம்! பேஜாரு புடிச்ச ஏரி, இதுக்காக நான் சர்ச்சுல பூசைய விட்டுட்டு வந்திருக்கேன், சாமியாரு கேட்டா உன் பேரைத்தான் சொல்லுவேன்."

கரையில் மாதேஷ் இயந்திரத்தின் நிழலில் படுத்தபடி விழுந்து விழுந்து சிரித்தார்.

தென்மூலையில் சம்புக்குள் ஒரு வாய்க்கால் போல வழி இருந்தது. அதில் நுழைந்ததும் எங்கள் பேச்சு நின்றது. தண்டுகளை வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாழைக்கோழிக் கூடு, அதில் புள்ளி போட்ட முட்டைகள். சற்றுத் தள்ளி இன்னொன்று. பிறகு ஒரு முக்குளிப்பானின் மிதக்கும் கூடு, முட்டைகளை ஈரமான களையால் மூடிவிட்டுப் பறவை முங்கியிருந்தது. ஒரு கூட்டில் கறுப்புப் பஞ்சு உருண்டைகளாகக் குஞ்சுகள். நான் படம் எடுத்தேன், அக்கா குறித்துக்கொண்டார். ஒவ்வொரு தாழைக்கோழிக் கூட்டிலிருந்தும் தாய்ப்பறவை எழுந்து கத்திக்கொண்டே ஓடியது.

மேலே மின்கம்பியில் காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவை எங்களைப் பார்க்கவில்லை. பறவைகள் எங்கிருந்து எழுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை கரையிலிருந்து பார்த்தேன். பரிசல் பிளந்த தடம் சம்புக்குள் ஒரு தெருவைப் போலத் தெரிந்தது. அதன் வழியாகக் காகம் ஒன்று தாழப் பறந்து போய்வந்தது. முதல் கூட்டில் தாய் உட்காரவில்லை.

பொறியாளர் சொன்னபடி செய்தார். படங்களைப் பார்த்தார், ஏரிக்கே நேரில் வந்தார். தென்மூலையில் கூடு இருக்கிறதா என்று பார்த்து உங்கள் குழு சம்மதம் எழுதிக் கொடுக்கும்வரை அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். மற்றப் பகுதிகளில் வேலையைத் தொடங்கலாம் என்றார்.

மற்றப் பகுதிகளிலும் கூடு இருக்கலாம், எங்கள் பரிசல் அங்கே நுழைய முடியவில்லை, அதனால் பார்க்கவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். உத்தரவில் "மற்றப் பகுதிகளில் இல்லை" என்று வந்தது.

மாதேஷ் கீழ்க்கரையிலிருந்து தொடங்கினார். அன்று நான் என் அலுவலகத்தில் இருந்தேன். அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்தேன்.

அந்த வாரம் அப்பா போனில் பேசினார். எங்கள் ஊர் ஏரியில் பொதுப்பணித் துறை கருவேல மரங்களை வெட்ட ஏலம் விட்டிருக்கிறதாம். எனக்கு ஞாபகம் இருந்தது. நான் பள்ளியில் படித்தபோதும் வெட்டினார்கள். லாரி லாரியாக எங்கள் தெரு வழியே போகும், தொங்கும் முள் கிளைகள் மின்கம்பியில் உரசும். அந்த மரங்களில் கொக்கோ நாரையோ என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் நிம்மதியாகத் தூங்கினேன். இடையில் அம்மா போனை வாங்கி, "பொண்ணு பாக்க வர்றவங்க ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவான்னு கேட்டா, பரிசல் ஓட்டுவான்னு சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"நான் ஓட்டலம்மா, ஸ்டெல்லாக்காதான் ஓட்டினாங்க."

"ஆமா, அதையும் சேத்துச் சொல்றேன்."

6

ஆகஸ்டில் ஏரியின் முக்கால் பகுதி கண்ணாடி மாதிரி நீராக இருந்தது. தென்மூலை மட்டும் பச்சையாக, அடர்த்தியாக. மற்ற இடங்களிலிருந்து விரட்டப்பட்டவை எல்லாம் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு சண்டை போட்டன. பால்கனிவரை சத்தம் கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

செப்டம்பரில் ஒரு காலை அந்த மூலையில் கட்டிட இடிபாடு கொட்டியிருந்தது. உடைந்த செங்கல், டைல்ஸ், ஒரு வாஷ்பேசின். அடுத்த காலை இன்னும் கொஞ்சம். யார் கொட்டினார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் வேறு ஒருவரைச் சொன்னார்கள். பிறகு இடிபாட்டின்மேல், மனைக்கு எல்லை போல, வெள்ளைச் சாயம் அடித்த கற்கள் நடப்பட்டிருந்தன.

மூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "நான் அப்பவே சொன்னேன்" என்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"சர்வேயர் வர்றான்ம்மா, அடுத்த வாரம். இந்த ஒரு தேதிக்கு எத்தனை வருஷமா அலைஞ்சேன் தெரியுமா? எல்லைக் கல்லு நட்டுட்டான்னா அதுக்கப்புறம் எவனும் அசைக்க முடியாது. ஆனா அவன் வர்றன்னிக்கு அந்த மூலையில தண்ணி நிக்கணும். செங்கல் நிக்கக் கூடாது."

"ரெக்கார்டுல ஏரின்னுதானே சார் இருக்கு?"

"ரெக்கார்டு அவன் பையில இருக்கும். செங்கல் அவன் கண்ணு முன்னாடி இருக்கும். நீங்க எழுதிக் குடுத்தாதான் மிஷின் உள்ள போகும். கூடு இருக்கா, இல்லையா? பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். இந்த முறை பரிசல் இல்லாமல், இடிபாட்டின்மேல் ஏறி நின்று தொலைநோக்கியால் பார்த்தேன். பெரும்பாலான கூடுகள் முடிந்துவிட்டிருந்தன. குஞ்சுகள் வளர்ந்து தாயின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு கூட்டில் தாழைக்கோழி உட்கார்ந்திருந்தது. இரண்டாம் ஈடு, அதே பருவத்தில் மறுபடி இட்ட முட்டைகள். அது எழுந்து முட்டைகளைப் புரட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்ததைத் தெளிவாகப் பார்த்தேன்.

மூர்த்தி சாரிடம் திரும்பி வந்து சொன்னேன்.

"ஒரு கூடா?"

"ஒண்ணு. முட்டையோட."

"தூக்கி அந்தப் பக்கம் வச்சா?"

"ஏத்துக்காது சார்."

"எத்தனை நாளாகும்?"

"பொரிச்சு, குஞ்சு ஓடற வரைக்கும்... சர்வேயர் வந்துட்டுப் போயிடுவார்."

"நீங்க சொல்றபடி செய்யலாம்மா" என்றார் மூர்த்தி சார். அவர் கட்டளையிட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று மாலையே எழுதினேன். தென்மூலையில் ஒரு கூடு உள்ளது, முட்டைகளுடன். இடிபாட்டையும் சம்பையும் அகற்றும் பணியைத் தொடங்கலாம். கீழே கையெழுத்துப் போட்டேன். அனுப்புவதற்கு முன் பிரேசர் டவுனுக்குப் போய் ஸ்டெல்லாக்காவிடம் காட்டினேன். போனில் சொல்லும் விஷயமாக அது இல்லை.

அவர் இரண்டு முறை வாசித்தார்.

"இருக்குன்னும் எழுதியிருக்க. எடுன்னும் எழுதியிருக்க."

"ஆமாக்கா."

"கூடு இல்லன்னு எழுதியிருக்கலாமே டீ. பொய்யா எழுதியிருந்தா எனக்கு இவ்ளோ வலிச்சிருக்காது. பயந்துட்டா, பாவம், சின்னப் பொண்ணுன்னு நெனச்சிருப்பேன். இது... இது எப்படி டீ உன்னால எழுத முடிஞ்சுது?"

"அந்த மூலை போச்சுன்னா அடுத்த வருஷம் ஒரு கூடும் இருக்காதுக்கா."

"அடுத்த வருஷம்னு அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு. முட்டை மேல உக்காந்திருக்காளே, அவகிட்ட."

உள்ளறையிலிருந்து ரீனா எட்டிப் பார்த்தாள். "மம்மி, ஒரு பேர்டுக்கா ரெண்டு பேரும் ஃபைட் பண்றீங்க?" என்றாள். ஸ்டெல்லாக்கா அவளைப் பார்க்கவே இல்லை. "உள்ள போடி" என்றார், ஆனால் கண் என்மேல்தான் இருந்தது.

கிளம்பும்போது படிவரை வந்தார். "நீ எழுதினது சரின்னே வச்சுக்க. மூர்த்தி சொல்றதும் சரின்னு வச்சுக்க. நான் இனிமே அந்த ஏரிக்கு வரமாட்டேன் டீ. வேற ஏரி பாத்துக்கறேன்." என் தோளைத் தட்டினார். கோபமாகத் தட்டியிருந்தால் பரவாயில்லை.

7

இயந்திரம் இடிபாட்டின்மேல் ஏறி நின்றே இடிபாட்டை அள்ளியது. இந்த முறை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கரையில் நின்றேன். கூடு இருந்த இடத்துக்கு வந்ததும் மாதேஷ் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"அக்கா, அது எந்திரிக்க மாட்டேங்குது."

"ஹாரன் அடிங்க."

அடித்தார். எழுந்து போனது. அதிக தூரம் போகவில்லை.

சர்வேயர் வந்தார். தண்ணீர் நின்றது. வெள்ளைக் கற்கள் பிடுங்கப்பட்டன, அரசாங்கக் கற்கள் வெளிப்பக்கமாக நடப்பட்டன. மூர்த்தி சார் ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிக் கல் தென்மூலையில் இருந்தது. அங்கே நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அவருக்காக மகிழ்ச்சியாக இருந்தது. அதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அதுவும் உண்மை. அந்த மூலை இனி மனையாகாது. சம்பு மறுபடி வளரட்டும், இந்த ஓரத்தை மட்டும் விட்டுவிடலாம் என்று அவரே சங்கக் கூட்டத்தில் சொல்லிவிட்டார். வளர எவ்வளவு காலம் ஆகும் என்று என்னிடம் கேட்டார். அடுத்த மழைக்குள் கொஞ்சம் வரலாம் என்றேன். நிச்சயமாகத் தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

நேற்றுக் காலை புதிய நடைபாதையில் நடந்துகொண்டிருந்தேன். எல்லோரும் கைகளை வீசி வேகமாக நடந்தார்கள். தென்மூலையில் ஒரு பெண் மட்டும் நின்றிருந்தார். புதிய பிளாக்குக்குக் குடிவந்தவர், காலணிகூட இன்னும் அழுக்காகவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். வெறும் சேற்றுத் திட்டு. அதன் நடுவில் நீலத் தாழைக்கோழி. இயந்திரம் விட்டுவைத்த காய்ந்த சம்புத் தண்டு ஒன்றை இழுத்துவந்து போட்டது. திரும்பிப் போய் இன்னொன்றை இழுத்துவந்து முதல் தண்டின்மேல் குறுக்காக வைத்தது. வைத்ததும் அது சரிந்தது. வளைத்துப் பிடிக்கச் சுற்றிலும் எதுவும் நிற்கவில்லை. மறுபடி எடுத்து வைத்தது.

நானும் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பினார், கோயம்புத்தூர்ப் பேச்சு.

"என்னங்க பண்ணுது அது?"

"கூடு கட்டுதுங்க."

அவர் சேற்றைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், நடந்துபோகிறவர்களைப் பார்த்தார்.

"இங்கயாங்க?"

"இங்கதாங்க" என்றேன்.